எவ்வளவு நகர்ந்தது?

1908 ஜூலை 10ஆம் தேதி நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹைக்கே காமர்லிங் ஓன்னஸ் முதன்முதலாக ஹீலியத்தைத் திரவமாக்கினார். விடியற்காலையில் தொடங்கி இரவு வரை உழைத்ததில் கிடைத்தது 60 மில்லிலிட்டர். ஆறு மாதம் கழித்து, 1909 ஜனவரியில், பழனி மலைமேல் கொடைக்கானல் வான் ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் ஒரு சூரியப் புள்ளியின் நிறமாலையைக் கண்ணாடித் தகட்டில் படமெடுத்தார். நேராக இருக்க வேண்டிய கருங்கோடுகள் அந்தப் புள்ளியின் ஓரங்களில் லேசாகச் சாய்ந்திருந்தன.

அறிவியல் வரலாற்று நூல்கள் இவற்றைத் தனித்தனி அத்தியாயங்களில்தான் வைக்கும். ஒன்று குளிர்நிலை இயற்பியல், மற்றது சூரிய இயற்பியல். நாம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது. கை எட்டாத ஒரு பொருளுக்குள் என்ன நடக்கிறது என்பதை, அலை ஒன்று எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து சொன்னார் எவர்ஷெட். ஓன்னஸ் திறந்துவிட்ட துறையில் பின்னாளில் எழுந்த மிகப் பெரிய வழக்கு ஒன்றை 1993இல் முடிவுக்குத் திருப்பியதும் அதே வகை வேலைதான். அங்கே நகர்ந்தது சூரிய ஒளியின் கோடு இல்லை, மைக்ரோவேவ் அலையின் அதிர்வெண். அந்த வழக்கில் சென்னையைச் சேர்ந்த கோட்பாட்டாளர் ஒருவருக்கு முக்கியமான இடம் உண்டு. பெங்களூருக்கும் உண்டு. தீர்ப்பு எழுதிய அளவீடு மட்டும் இங்கே நடக்கவில்லை, கனடாவில் நடந்தது. அது ஏன் என்று யோசிக்கக் கொடைக்கானலைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை.

முதலில் ஹீலியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் கதை நம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க ஐரோப்பிய வானியலாளர்கள் அன்றைய சென்னை மாகாணத்துக்கு வந்தார்கள். பிரான்சின் ஜான்சென் குண்டூரில் தங்கினார். சென்னை வான் ஆய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாசாரி வனபர்த்தியில் நின்றார். சூரியனின் விளிம்பில் எழும் தீச்சுவாலைகளின் நிறமாலையில் மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. பூமியில் அறியப்பட்ட எந்தத் தனிமத்துக்கும் அது பொருந்தவில்லை. அந்தப் புதிய தனிமத்துக்குச் சூரியனின் கிரேக்கப் பெயரிலிருந்து ஹீலியம் என்ற பெயர் கிடைத்தது. 1895இல் வில்லியம் ராம்சே அதைப் பூமியிலேயே பிடித்தார். போக்சனின் ஆய்வகம் அதன்பின் நான்கு ஆண்டுகளில் மலையேறியது. 1899இல் கொடைக்கானல் அதன் வாரிசானது.

மலையேறியதற்குக் காரணம் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். சூரியப் புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது. சூரியனைத் தினமும் தவறாமல் பார்க்க வேண்டும், அதற்குத் தூசியும் வெக்கையும் இல்லாத உயரமான இடம் வேண்டும். நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2,300 மீட்டருக்குச் சற்று மேலே இருந்த கொடைக்கானல் குன்றைத் தேர்ந்தெடுத்தவர் மிக்கி ஸ்மித். அன்று மலைக்கு மோட்டார் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஆட்களின் தோளிலும் தலையிலும்தான் சுமை மேலே போனது. அந்தச் சுமைகாரர்களின் பெயர்கள் நமக்குத் தெரியவில்லை. தொலைநோக்கிக் கண்ணாடி உடையாமல் மேலே வந்து சேர்ந்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதை நாமாவது எழுதி வைக்கலாம்.

மழைக்கான விடை கொடைக்கானலில் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொன்று. எவர்ஷெட் அதுவரை தொழில்முறை வானியலாளர் இல்லை, ஆர்வலர். கருவிகளைத் தாமே கட்டிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். 1907இல் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தார். அமெரிக்காவில் ஜார்ஜ் ஹேல் எடுத்த படங்களில் சூரியப் புள்ளிகளைச் சுற்றிச் சுழல் போன்ற அமைப்புகள் தெரிந்திருந்தன. புள்ளியில் வாயு சுழல்கிறது என்றால் நிறமாலைக் கோட்டின் நகர்வில் அது தெரிய வேண்டும். அதைத் தேடித்தான் எவர்ஷெட் போனார். சூரிய வட்டின் விளிம்புக்கு அருகே இருந்த புள்ளியின் மேல் நிறமாலைமானியின் பிளவை வைத்தார். பிளவு வட்டின் ஆரத்தோடு கிடக்கும்போது கோடுகள் சாய்ந்தன. அதற்குக் குறுக்காகத் திருப்பினால் சாய்வு மறைந்தது. சுழற்சி என்றால் நேர்மாறாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? வாயு சுழலவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடுகிறது. வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். அலைநீளத்தில் பார்த்தால் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு நகர்வு. தகட்டை நுண்ணோக்கியின் கீழே வைத்துக் கண்ணால் அளந்து எடுத்த எண் அது.

தேடிப்போனது கிடைக்காதபோது, கிடைத்ததை அப்படியே எழுதினார் என்பதுதான் எவர்ஷெட்டின் பெருமை என்பேன். அவருடைய மனைவி மேரி எவர்ஷெட்டும் வானியலாளர். சூரியச் சுவாலைகளைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய நீண்ட ஆய்வு 1917இல் வெளிவந்தது. அவர்கள் போன பின்னும் வேலை நிற்கவில்லை. 1904 முதல் எடுத்த சூரியனின் வெள்ளொளிப் படங்கள் நூறு ஆண்டுக்கு மேலாகத் தொடர்ந்து சேர்ந்தன. இன்று அவை டிஜிட்டலாகி உலகெங்கும் உள்ள சூரிய ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. வெள்ளைக்காரன் ஆட்சி போனது, துறைகள் மாறின, இயக்குநர்கள் மாறினார்கள். ஒரே கேள்வியை ஒரே இடத்தில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது மட்டும் மாறவில்லை. இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

லைடனில், 1911 ஏப்ரலில், ஓன்னஸின் ஆய்வகம் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தில் குளிரவைத்தது. 4.2 கெல்வினுக்குக் கீழே அதன் மின்தடை காணாமல் போனது. மீக்கடத்துத்திறன் என்று நம் பாடநூல்கள் சொல்வது இதைத்தான். அடுத்த நாற்பத்தாறு ஆண்டுகள் ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விடை சொன்னார்கள். ஒன்றையொன்று விலக்க வேண்டிய எலக்ட்ரான்கள், படிகத்தின் அணுக்கள் அதிர்வதன் தயவால், மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் இரண்டிரண்டாக இணைகின்றன. இணைந்தவை எல்லாம் ஒன்றுபோல நகர்கின்றன. இணையை முறிக்க ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். அதை ஆற்றல் இடைவெளி என்பார்கள்.

மைக்ரோவேவ் இந்தக் கதைக்குள் வந்தது அதற்கு முன்பே. மீக்கடத்தி காந்தப்புலத்தை உள்ளே அனுமதிக்காது. ஆனால் மேற்பரப்பில் மட்டும், ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த ஆழத்துக்கு, புலம் நுழையும். லண்டன் சகோதரர்கள் ஃப்ரிட்ஸும் ஹைன்ஸும் 1935இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்த ஆழத்துக்கு ஊடுருவும் ஆழம் என்று பெயர். இணைந்த எலக்ட்ரான்கள் அதிகமாக இருந்தால் ஆழம் குறையும், இணைகள் முறிந்தால் கூடும். ஆகவே ஆழத்தை அளப்பது இணைகளை எண்ணுவதற்குச் சமம். 1940இல் ஹைன்ஸ் லண்டன் வெள்ளீயத்தின் மேல் உயர் அதிர்வெண் அலையைச் செலுத்திப் பார்த்தார். போர் முடிந்ததும், ரேடார் வேலையில் மைக்ரோவேவ் கைவந்திருந்த பிரையன் பிப்பார்ட் கேம்பிரிட்ஜில் அதைப் பெரிய கலையாகவே வளர்த்தார். வெள்ளீயத்தில் கொஞ்சம் இண்டியம் கலந்தார். ஊடுருவும் ஆழம் கூடியது. மீக்கடத்தியின் எலக்ட்ரான்கள் தனித்தனிப் புள்ளிகளாக நடந்துகொள்ளவில்லை, கணிசமான தூரத்துக்கு ஒன்றுக்கொன்று தெரிந்தே நடக்கின்றன என்று அதிலிருந்து கண்டுகொண்டார். 1953இல் அவர் வெளியிட்ட இந்த முடிவு, நான்கு ஆண்டு கழித்து வந்த இணைக் கோட்பாட்டுக்கு முன்னோடியாக நின்றது.

மைக்ரோவேவ் என்றதும் ஐரோப்பாவையே நினைக்க வேண்டாம். 1890களில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் சில மில்லிமீட்டர் அலைநீளம் கொண்ட அலைகளை உண்டாக்கி, அவை பிரதிபலிப்பதையும் முறிவதையும் அளந்து காட்டினார். அன்று உலகில் அவ்வளவு குறுகிய ரேடியோ அலைகளைக் கையாண்டவர்கள் மிகச் சிலரே.

1986இல் கதை தலைகீழானது. சூரிச்சில் பெட்நோர்ஸும் ம்யூல்லரும் லாந்தனம், பேரியம், தாமிரம் சேர்ந்த ஆக்சைடு ஒன்று 30 கெல்வினுக்கு மேலேயே மீக்கடத்தியாவதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு 93 கெல்வினைத் தொட்டது. விலை மிகுந்த ஹீலியம் தேவையில்லை, 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே போதும். டெல்லி, மும்பை, பெங்களூர், சென்னை, கல்பாக்கம் என்று எல்லா ஊர் ஆய்வகங்களிலும் கறுப்பு வில்லைகள் உலையிலிருந்து வெளிவந்தன. கல்லூரி மாணவர்கள்கூட அந்த வில்லைக்கு மேலே காந்தத்தை மிதக்கவைத்துக் காட்டிய காலம் அது.

இந்தப் புதிய பொருள்களிலும் எலக்ட்ரான்கள் இணைகின்றன என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. எப்படி இணைகின்றன என்பதுதான் சண்டை. 1987 ஜனவரியில் பெங்களூரில் நடந்த சர்வதேச மாநாட்டில் பிலிப் ஆண்டர்சன் ஒரு யோசனையை முன்வைத்தார். இந்த ஆக்சைடுகள் மீக்கடத்தி ஆவதற்கு முன்னால் மின்கடத்தாப் பொருள்களாக இருக்கும்போதே, பக்கத்துப் பக்கத்துத் தாமிர அணுக்களின் எலக்ட்ரான்கள் இணைசேர்ந்துதான் இருக்கின்றன, சில எலக்ட்ரான்களை எடுத்துவிட்டால் அந்த இணைகள் ஓடத் தொடங்கும் என்றார் அவர். அணு அதிர்வின் தயவு இங்கே வேண்டாம், எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதிலிருந்தே இணைப்பு பிறக்கிறது. இதைக் கணக்காக வடித்த முதல் கட்டுரை அதே ஆண்டில் வந்தது. அதை எழுதிய மூவரில் முதல் பெயர் ஜி. பாஸ்கரன். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். மற்ற இருவர் ஸௌ, ஆண்டர்சன். அந்த முதல் கணக்கில் இணைக்குக் கிடைத்த வடிவம் வேறு. அடுத்த ஆண்டில் காப்ரியேல் கோட்லியார் போன்றோர் இதே வழியில் போய் டி-அலை என்ற வடிவத்துக்கு வந்தார்கள். காந்த அலைவுகளிலிருந்து தொடங்கிய வேறு சில கோட்பாட்டாளர்களும் அதே வடிவத்தைத்தான் சொன்னார்கள்.

எஸ்-அலையா, டி-அலையா? சாதாரண வாசகருக்கு இதில் என்ன? ஒரு கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். எஸ்-அலை என்றால் கிணற்றைச் சுற்றி ஒரே உயரத்தில் கைப்பிடிச் சுவர். குறைந்த வெப்பத்தில் எந்த இணையும் அதைத் தாண்டி முறிந்து வெளியே வர முடியாது. டி-அலை என்றால் சுவரில் நான்கு இடங்களில் திறப்பு இருக்கிறது. அந்தத் திசைகளில் சுவரே இல்லை. ஆகவே எவ்வளவு குளிரவைத்தாலும், சிறு வெப்பம் பட்டாலே சில இணைகள் முறியும். ஊடுருவும் ஆழத்தை வெப்பநிலையோடு வரைந்து பார்த்தால் எஸ்-அலைப் பொருளில் கோடு தாழ்ந்த வெப்பநிலையில் கிடைமட்டமாகப் படுத்துவிடும். டி-அலைப் பொருளில் சாய்வான நேர்கோடாகவே கடைசிவரை இறங்கும். சுவர் முழுசா, திறப்பு உண்டா என்பது வெறும் வடிவக் கேள்வி இல்லை. எலக்ட்ரான்களை இணைக்கும் பசை எது என்ற கேள்விக்கு அதுதான் முதல் தடயம்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 1987இலேயே மைக்ரோவேவைக் கையிலெடுத்தது. எஸ்.வி. பட், பி. கங்கூலி, டி.வி. ராமகிருஷ்ணன், சி.என்.ஆர். ராவ் நால்வரும் புதிய ஆக்சைடு வில்லையை எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வுக் கருவியில் வைத்தார்கள். மீக்கடத்தி நிலைக்குப் போனதும், மிகச் சிறிய காந்தப்புலத்திலேயே மைக்ரோவேவை அது வலுவாக உறிஞ்சியது. அந்தத் துறையின் ஆரம்பக் கண்டுபிடிப்புகளில் ஒன்றாக இது உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அது சொன்னது முக்கியமாக வில்லையின் துகள்களுக்கு இடையிலான இணைப்புகளைப் பற்றி. இணையின் வடிவம் என்ன என்று கேட்க ஒற்றைப் படிகம் வேண்டும். மாசில்லாத படிகம் வேண்டும். அது அன்று உலகில் எங்குமே எளிதில் கிடைக்கவில்லை.

இங்கேதான் நம் கட்டுரையின் சாரம். 1987க்கும் 1992க்கும் இடையில் பல குழுக்கள் ஊடுருவும் ஆழத்தை அளந்தன. சிலர் எஸ்-அலை என்று அறிவித்தார்கள். 1991இல் ஆனெட், கோல்டன்ஃபெல்ட், ரென் மூவரும் அந்தத் தரவுகளைத் திரும்பக் கணக்குப் போட்டு, ஆழம் வெப்பநிலையின் இருமடியாக மாறுவதுபோல் இருக்கிறது என்றார்கள். படுத்துவிட்ட கோடும் இல்லை, நேர்கோடும் இல்லை. யாருக்கும் திருப்தி இல்லாத நிலை.

வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், வால்டர் ஹார்டியும் டக் பானும் வேறு வழியில் போனார்கள். அவர்களோடு ருய்ஷிங் லியாங் என்ற படிக நிபுணர் இருந்தார். இந்த ஆக்சைடின் படிகம் வளர்வது பேரியம், தாமிர ஆக்சைடுகள் உருகிய குழம்பில். அந்தக் குழம்பு தன்னை வைத்திருக்கும் மூசையையே அரித்துத் தின்னும். அலுமினா மூசையில் வளர்த்தால் அலுமினியம் படிகத்துக்குள் போய்விடும். லியாங் இட்ரியா கலந்த சிர்கோனியா மூசைகளுக்கு மாறினார். பின்னாளில், 1998இல், பேரியம் சிர்கோனேட்டால் மூசையே செய்தார். வளர்ந்த படிகத்தை ஆக்சிஜனில் நெடுநேரம் பதப்படுத்தி, ஆக்சிஜன் அளவைச் சரிக்கட்ட வேண்டும். இவ்வளவும் செய்தால் கிடைப்பது ஓரிரு மில்லிமீட்டர் அகலமுள்ள, மெல்லிய கறுப்புச் சில்லு.

அந்தச் சில்லைத் துளி கிரீஸால் ஒரு மெல்லிய நீலக்கல் தகட்டின் நுனியில் ஒட்டுவார்கள். தகட்டைப் பிளவுபட்ட உலோக வளையம் ஒன்றுக்குள் நீட்டுவார்கள். அந்த வளையம் ஏறத்தாழ 900 மெகாஹெர்ட்ஸில் அதிரும். வளையம் திரவ ஹீலியத்தின் குளிரில் 1.2 கெல்வினில் அசையாமல் இருக்க, வெற்றிடத்தில் நிற்கும் தகட்டையும் சில்லையும் மட்டும் சூடாக்குவார்கள். வளையமும் சேர்ந்து சூடானால் அதன் மாற்றம் படிகத்தின் மாற்றத்தை மூழ்கடித்துவிடும். நல்ல யோசனை எல்லாம் இந்த ஒரு பிரிப்பில்தான் இருக்கிறது. பாஸ்டனில் ஸ்ரீநிவாஸ் ஸ்ரீதரும் கென்னடியும் 1988இலேயே இதே போன்ற ஏற்பாட்டை விவரித்திருந்தார்கள். படிகம் ஒரு கெல்வின் சூடானால் புலம் சில ஆங்ஸ்ட்ராம் கூடுதலாக உள்ளே நுழையும். ஓர் அணுவின் குறுக்களவே ஓரிரு ஆங்ஸ்ட்ராம்தான். வளையத்துக்குள் அலைக்குக் கிடைக்கும் இடம் அந்த அளவுக்குக் கூடும், அதிர்வெண் அந்த அளவுக்கு இறங்கும். 90 கோடி ஹெர்ட்ஸில் சில ஹெர்ட்ஸ்.

1993இல் வெளிவந்த அவர்கள் வரைபடத்தில் கோடு நேராக இருந்தது. ஏறத்தாழ 3 கெல்வினிலிருந்து 25 கெல்வின் வரை, கெல்வினுக்கு 4.3 ஆங்ஸ்ட்ராம் வீதம். சுவரில் திறப்பு இருந்தது.

அப்படியானால் மற்றவர்களின் இருமடிக் கோடு? அதற்கும் பதில் வந்தது. டி-அலைப் பொருளில் கொஞ்சம் மாசு இருந்தால் நேர்கோடு வளைந்து இருமடியாகும் என்று ஹிர்ஷ்ஃபெல்டும் கோல்டன்ஃபெல்டும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வான்கூவர் குழு தன் தூய படிகத்தில் வேண்டுமென்றே தாமிரத்துக்குப் பதில் ஆயிரத்தில் மூன்று பங்கு துத்தநாகத்தைச் சேர்த்தது. மீக்கடத்தியாகும் வெப்பநிலை அதிகம் குறையவில்லை. நேர்கோடு மட்டும் இருமடியானது. முன்பு அளந்தவர்களின் அளவீடு பெரும்பாலும் பிழையில்லை. அவர்கள் அளந்தது மாசை. பிப்பார்ட் வெள்ளீயத்தில் இண்டியம் சேர்த்த அதே உத்தி, நாற்பது ஆண்டு கழித்து வேறொரு பொருளில் கைகொடுத்தது. இலினாயில் வான் ஹார்லிங்கனின் குழுவும், 1994இல் ஐபிஎம் நிறுவனத்தில் ட்சுவெய், கர்ட்லி குழுவும் வேறு முறைகளில் டி-அலையை உறுதிப்படுத்தினார்கள். பெரும்பாலோர் அதோடு அந்த வழக்கை முடித்துவைத்தார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டி-அலை என்று தெரிந்ததால் ஆண்டர்சனும் பாஸ்கரனும் சொன்ன வழிதான் சரி என்று ஆகிவிடாது. வடிவம் தெரிந்தது, பசை எது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் அணு அதிர்வு மட்டுமே பசை என்று சொல்வது அதற்குப் பிறகு மிகவும் கடினமானது. கோட்பாடுகள் மோதிக்கொள்ளும் களத்தை அளவீடு சுருக்கித் தரும். அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது.

முடிந்தது என்று நினைத்த வழக்கு திரும்பத் திறப்பதும் உண்டு. 1994இல் ஜப்பானில் யோஷிதெரு மயேனோ குழு ஸ்ட்ரான்சியம் ருத்தேனேட் என்ற பொருளில் 1 கெல்வினை ஒட்டி மீக்கடத்துத்திறனைக் கண்டது. இதில் இணைகள் இன்னொரு வடிவம், பி-அலை, என்று ரைஸும் சிக்ரிஸ்டும் சொன்னார்கள். பாஸ்கரனும் தனியே அதே முடிவுக்கு வந்தார். 1998இல் ஜப்பானில் செய்த காந்த ஒத்ததிர்வுச் சோதனை அதை உறுதிசெய்வதுபோல் இருந்தது. இருபது ஆண்டு பாடநூல்களில் அது நின்றது. 2019இல் லாஸ் ஏஞ்சலீஸில் ஸ்டூவர்ட் பிரவுன் குழு அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தது. அளக்கச் செலுத்திய ரேடியோத் துடிப்பே படிகத்தைச் சூடாக்கிவிட்டிருந்தது. துடிப்பின் வலுவைக் குறைத்ததும் விடை மாறியது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு கேள்வியை ஒரே இடத்தில் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கேட்க ஆள் இருந்தால்தான் இப்படிப்பட்டவை பிடிபடும்.

திரும்ப நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் எது இல்லை? வத்திராயிருப்பில் பிறந்து மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த கே.எஸ். கிருஷ்ணன், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக இருந்து, 1950களிலேயே இந்தியாவில் ஹீலியத்தைத் திரவமாக்கும் வசதியைக் கொண்டுவந்தார். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் 1987லிருந்து மீக்கடத்திகளை ஆராய்கிறது. மிக நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் ஸ்குவிட் கருவியைத் தானே செய்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சிக்கென்றே 1980களிலிருந்து ஒரு மையம் இயங்குகிறது. தரமணியில் கோட்பாடு இருக்கிறது. கிண்டியிலிருந்து கல்பாக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் எழுபது கிலோமீட்டர். மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரதாப் ராய்சௌத்ரியின் குழு, கலைந்த அமைப்புள்ள மீக்கடத்திப் படலங்களை மைக்ரோவேவால் அளந்து உலகத் தரத்தில் எழுதுகிறது. ஆளும் உண்டு, அறிவும் உண்டு.

இல்லாதது கால அளவு. கனடாவின் உயர் ஆய்வு நிறுவனம் 1987இல் மீக்கடத்திக்கு ஒரு திட்டம் தொடங்கியது. அது பல பத்தாண்டுகள் நீடித்தது. லியாங் மூசையை மாற்றிக்கொண்டே இருக்க முடிந்தது அதனால்தான். நம்மிடம் ஒரு திட்டம் மூன்று ஆண்டு அல்லது ஐந்து ஆண்டு. முதல் ஆண்டு கருவி வாங்கும் டெண்டரில் போகும். இரண்டாம் ஆண்டு கருவி வரும். மூன்றாம் ஆண்டு அறிக்கை எழுத வேண்டும். படிகம் வளர்க்கக் கற்றுக்கொண்ட மாணவர் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு வெளிநாடு போவார். அவரோடு கைவேலையும் போய்விடும். உலையின் சூட்டை எந்த வேகத்தில் இறக்க வேண்டும், மூசை எப்போது கசியும் என்பதெல்லாம் கட்டுரைகளில் இருக்காது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வர வேண்டும். ஹீலியத்தை இறக்குமதி செய்யும் நாட்டில், ஆவியாகும் ஹீலியத்தைத் திரும்பப் பிடிக்கும் வசதி இல்லாத ஆய்வகம் ஆண்டில் பாதி நாள் சும்மா கிடக்கும்.

இதற்கு வறுமை காரணம் என்று சொல்ல நான் தயாரில்லை. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகான அந்த ஏழைக் காலத்தில்தான் கொடைக்கானல் பிறந்தது. அதை நிறுத்திவிட ஒவ்வொரு பத்தாண்டிலும் யாருக்கேனும் ஒரு காரணம் இருந்திருக்கும். மழைக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்பதே போதுமான காரணம். நிறுத்தாமல் விட்டார்கள். அதனால்தான் இன்று சூரியனின் நூற்றாண்டு நடத்தையைப் படிக்க உலகம் பழனி மலையின் தகடுகளைத் தேடி வருகிறது. எவர்ஷெட் கண்டதை இன்றைய சூரிய இயற்பியலும் அவர் பெயராலேயே அழைக்கிறது.

புதிய மீக்கடத்திகள் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கின்றன. நிக்கல் ஆக்சைடுகள், திருகி அடுக்கிய கிராஃபீன், கனமான எலக்ட்ரான்களைக் கொண்ட சீரியம், யுரேனியம் சேர்மங்கள். ஒவ்வொன்றிலும் அதே கேள்வி எழுகிறது: சுவர் முழுசா, திறப்பு உண்டா? ஒவ்வொன்றுக்கும் தூய படிகம் வேண்டும், அசையாத வளையம் வேண்டும், சில ஹெர்ட்ஸை நம்பிக்கையோடு படிக்கும் கண் வேண்டும்.

தமிழக அரசின் உயர்கல்வித் துறையிடமும் மத்திய அறிவியல் துறையிடமும் ஒரே ஒரு கோரிக்கை. ஒரு படிக உலைக்கூடம், ஒரு மைக்ரோவேவ் அளவீட்டு மேசை, ஹீலியத்தைத் திரும்பப் பிடிக்கும் ஓர் அமைப்பு. சென்னைக்கும் கல்பாக்கத்துக்கும் இடையில் எங்காவது வையுங்கள். படிகம் வளர்ப்பவருக்கும் கருவி செய்பவருக்கும் நிரந்தர வேலை கொடுங்கள், ஆசிரியர் பதவிக்குச் சமமான சம்பளத்தோடு. இருபத்தைந்து ஆண்டுக்கு உத்தரவு போடுங்கள். முதல் பத்து ஆண்டுகளில் தலைப்புச் செய்தி எதையும் அவர்களிடம் கேட்காதீர்கள்.